மிதிவண்டியும் மூக்குக்கண்ணாடியும்

பெங்களூரின் சிவாஜிநகரில் பொழுது புலருமுன்பே நாள் தொடங்கிவிடுகிறது. 1933-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றிப் பூக்கூடைகளும் காய்கறி மூட்டைகளும் வந்து இறங்குகின்றன. பத்திரிகைக் கட்டும் பாலும் தேநீரும் சைக்கிளேறித் தெருத் தெருவாகப் புறப்படுகின்றன. 1809-இல் ஆங்கிலேயர் இங்குப் படைமுகாம் அமைத்தனர். அன்று தொட்டு, இப்பகுதிக்குப் பிளாக்பள்ளி என்று பெயர் வழங்கிய நாள்களிலும், தமிழ் மக்கள் இங்கு உழைத்து வாழ்ந்து வருகின்றனர். இவர்களைப் போலவே மும்பையிலும் சூரத்திலும் சைக்கிள் மிதித்துப் பிழைக்கும் அன்பர்கள் பலர். அவர்கள் கண்ணைப் பற்றியே இங்குச் சில சொற்கள் கூற விழைகிறோம்.

மோட்டார் வாகனம் ஓட்டுவதற்கு உரிமம் வேண்டும்; சைக்கிளுக்கு அது வேண்டுவதில்லை. ஆதலின் சைக்கிள் ஓட்டுபவரின் பார்வையைச் சோதித்துப் பார்ப்பார் எவருமில்லை. அவரே சோதித்துக்கொண்டால்தான் உண்டு. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சைக்கிள் ஒரு நொடியில் 5 மீட்டர் கடந்துவிடுகிறது. சாலையிலுள்ள பள்ளம் 5 மீட்டர் தூரத்தில்தான் கண்ணுக்குப் புலப்படுமாயின், பிரேக்கைப் பிடிக்க எஞ்சியிருப்பது அந்த ஒரு நொடியே. பஸ் நிற்கும் இடத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தூரத்தில் வரும் பஸ்ஸின் எண்ணைப் படித்துப் பாருங்கள். பின்னர் மற்றக் கண்ணால் படியுங்கள்.  அருகிலிருப்போர் படித்த பின்னும் நமக்கு அது மங்கலாகவே தெரியுமானால் கண் மருத்துவரை நாடவேண்டிய காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

கண்ணாடி வைத்திருந்தும் சைக்கிளேறும்போது அதைக் கழற்றிச் சட்டைப்பையில் இடுவோர் உளர். தூறலில் நனைகிறது, பனியில் மங்குகிறது, வியர்வையில் நழுவுகிறது என்பன அவர்கள் கூறும் காரணங்கள். காரணங்கள் மெய்யே, ஆயினும் அவற்றுக்கு மாற்று உண்டு.

முதலில் பனியை எடுத்துக்கொள்வோம். பெங்களூர் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பதால் மார்கழி, தை மாதக் காலைகள் குளிர்ந்திருக்கும். முகத்திலிருந்து எழும் வெப்பமான ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நுண்துளிகளாகப் படிகிறது. வண்டி ஓடும்போது காற்று அதைத் துடைத்துவிடும். சந்திப்பில் நின்றவுடன் மங்கல் திரும்பிவிடும். கண்ணாடியைச் சிறிது முன்னே தள்ளி அணிந்தால் இடையே காற்று புகுந்து ஈரம் நீங்கும். மூக்கை மூடிய கைக்குட்டை மூச்சைக் கண்ணாடிக்கே அனுப்புவதால் மங்கல் மிகும். துடைக்கவேண்டுமாயின் ஓரமாக நிறுத்தித் துடைப்பதே முறை.

மழைத்துளிக்கு முன்விளிம்புள்ள தொப்பி நல்ல துணை. இரவில் ஒவ்வொரு துளியும், கண்ணாடியிலுள்ள ஒவ்வொரு கீறலும் எதிரே வரும் விளக்கொளியைச் சிதறச் செய்யும். ஆகவே கீறல் விழுந்த கண்ணாடியை மாற்றிவிடுவது நன்று. கறுப்புக் கண்ணாடி வெயிலுக்கு உரியது. அந்தி சாய்ந்ததும் அதை அணிந்து ஓட்டுதல் ஆகாது. நழுவும் சட்டத்தைக் காதுக்குப் பின்னால் ஒரு கயிற்றால் பிணைக்கலாம். விழுந்தால் எளிதில் நொறுங்காத பாலிகார்பனேட் வில்லையைக் கேட்டு வாங்குதல் சாலச் சிறந்தது.

நாற்பது வயதைக் கடந்தவர்க்கு ஓர் எச்சரிக்கை. வெள்ளெழுத்துக்காக வாங்கிய படிக்கும் கண்ணாடியுடன் சைக்கிள் ஓட்டலாகாது. அதன்வழி தூரம் மங்கலாகவே தெரியும். மேற்பாதி தூரத்திற்கும் கீழ்ப்பாதி படிப்பிற்குமான இரட்டைக் கண்ணாடி அணிந்தோர், சக்கரத்தின் முன்னுள்ள மேட்டையும் பள்ளத்தையும் தலையைச் சற்றுத் தாழ்த்தி மேற்பாதி வழியாகவே நோக்கவேண்டும்.

இனி, கண்ணின் மேலேயே அமரும் காண்டாக்ட் லென்ஸைப் பற்றிக் காண்போம். 1888-இல் அடோல்ஃப் ஃபிக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் கண்ணாடியாலான வில்லையைப் பற்றி எழுதினார். மென்மையான வில்லை 1961-ஆம் ஆண்டின் இறுதியில் உருவாயிற்று. செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த ஓட்டோ விக்டர்லே என்னும் வேதியியலார், குழந்தைகள் விளையாடும் இணைப்புத் துண்டுகளையும் தம் மகனின் சைக்கிள் டைனமோவையும் கொண்டு வீட்டிலேயே அமைத்த இயந்திரத்தில் அதை வார்த்தெடுத்தார். சைக்கிளுக்கும் இவ்வில்லைக்கும் பிறப்பிலேயே உறவு உண்டு என்று வேடிக்கையாகச் சொல்லலாம்!

இவ்வில்லை பனியில் மங்காது. பக்கப் பார்வையைச் சட்டம் மறைப்பதுமில்லை. ஆனால் காற்றையும் தூசியையும் தடுக்க அதற்கு ஆற்றல் இல்லை. எதிர்க்காற்றில் கண்ணீர் உலர்ந்து வில்லை உறுத்தும். ஆதலால் லென்ஸ் அணிந்தோரும் அதன் மேல் பவர் இல்லாத வெறுங்கண்ணாடி ஒன்றை அணிவது நலம். வழியில் லென்ஸ் விழுந்துவிடலாமாகையால் பவர்க் கண்ணாடியும் பையில் இருக்கவேண்டும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது தூய்மை. சங்கிலி எண்ணெய் படிந்த கையால் லென்ஸைத் தொடலாகாது. சோப்பால் கழுவி உலர்த்திய பின்னரே தொடவேண்டும். குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவுதல் அறவே கூடாது. தண்ணீரில் வாழும் அகந்தமீபா என்னும் நுண்ணுயிர் கருவிழியில் புண் உண்டாக்கிப் பார்வையையே பறித்துவிடக்கூடும். லென்ஸுடன் உறங்குவதும் தீது. பல பேர் கூடி வாழும் அறையில், கை கழுவவும் வசதி குறைந்தவர்க்கு மூக்குக்கண்ணாடியே பாதுகாப்பானது என்பது நமது கருத்து.

கண்ணில் தூசி விழுந்தால் கசக்கவேண்டாம். வண்டியை நிறுத்தி, கையைக் கழுவி, லென்ஸ் இருப்பின் அதை எடுத்துவிட்டு, சுத்தமான நீரால் கண்ணைக் கழுவுங்கள். நாவால் துழாவுவதும் விளக்கெண்ணெய் விடுவதும் ஊரிலிருந்து நாம் கொண்டுவந்த பழக்கங்கள். அவற்றை அங்கேயே விட்டிருக்கலாம். பழைய மோட்டார்ச் சாமான்களை உடைத்துப் பிரிக்கும் தெருக்களில் இரும்புத்துகள் பறந்து வருவதுண்டு. அது பதிந்தால் மருத்துவரே எடுக்கவேண்டும். வலியோ சிவப்போ வெளிச்சம் கண்டு கூசுதலோ நீங்காவிடில் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து, அதில் ஸ்டீராய்டு இருக்குமாயின், புண்ணைப் பெரிதாக்கிவிடும். சிவாஜிநகரிலேயே பௌரிங் அரசு மருத்துவமனை இருக்கிறது. நகர மார்க்கெட்டை அடுத்து மிண்டோ கண் மருத்துவமனை இருக்கிறது.

புதிதாக வந்த அன்பர்க்கு ஒரு செய்தி. கன்னடத்தில் மூக்குக்கண்ணாடியைக் ‘கன்னடக’ என்பர். இவ்வொரு சொல் தெரிந்தால் கடையில் தயங்கி நிற்கவேண்டியதில்லை.

ஊரை விட்டு வந்தவனுக்கு உடம்பே முதல். கை கால் வலித்தால் ஒரு நாள் ஓய்வில் தேறும். கண் பழுதுபட்டால் மாதந்தோறும் ஊருக்கு அனுப்பும் பணமும் நின்றுவிடும். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை. நாளைக் காலை சைக்கிளின் காற்றைப் பார்க்கும்போதே கண்ணாடியையும் ஒருமுறை துடைத்து அணிந்து கொள்வோமாக.