பௌலிங் கூடத்தின் கூரையும் வில்நாண் ட்ரஸும்

அமெரிக்காவில் பௌலிங் ஆட்டத்தில் சாய்ந்த கட்டைகளைத் தானே எடுத்து நிறுத்தும் இயந்திரம் 1946இல் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டு, 1950களில் பரவலானபின், சிற்றூர்களிலும் பௌலிங் கூடங்கள் விரைந்து எழுந்தன. பந்தை விடும் கோட்டிலிருந்து முதற்கட்டை வரை 60 அடி. ஆடுபவர் ஓடிவரும் தளத்தையும் இயந்திரம் நிற்கும் இடத்தையும் சேர்த்தால் நீளம் 80 அடியைத் தாண்டும். அந்தப் பரப்பின் நடுவே தூண் நிற்க இடமில்லை. இத்தகைய தூணற்ற வெளியைக் குறைந்த செலவில் மூடுவதற்கு, வாகனப் பணிமனைகளிலும் அங்காடிகளிலும் முன்பே பழகியிருந்த மரத்தாலான வில்நாண் ட்ரஸ் பல கூடங்களிலும் கைகொடுத்தது.

ட்ரஸ் என்பது பல சட்டங்களைக் கோத்துக் கூரைச் சுமையைச் சுவருக்குக் கடத்தும் அமைப்பு. வில்நாண் வகையில், வளைந்த மேல்சட்டம் சுமையால் அமுக்கப்பட்டு இருபுறமும் விரிய முயல்கிறது. கிடையாக ஓடும் கீழ்சட்டம் அதன் இரு முனைகளையும் இழுத்துப் பிடிக்கிறது. நாண் அறுந்தால் வில் நிமிர்வதுபோல, கீழ்சட்டம் முறிந்தால் மேல்வளைவு தட்டையாகிச் சுவர்களை வெளியே தள்ளும்.

இவ்விரண்டையும் இணைக்கும் குறுக்குச் சட்டங்களே இந்த அமைப்பின் விந்தை. சுமை கூரை முழுவதும் சமமாகப் பரவியிருக்கும்போது, வளைவின் வடிவமே அதை ஏந்திக்கொள்வதால், குறுக்குச் சட்டங்களுக்கு ஏறக்குறைய வேலையே இருப்பதில்லை. ஆகவே பழைய வடிவமைப்பாளர்கள் அவற்றை மெல்லிய பலகைகளாக்கி ஓரிரு போல்ட்டுகளால் பிணைத்து விட்டனர். பனியோ சமமாகத் தங்குவதில்லை. காற்று ஒரு பக்கத்தைத் துடைத்து மறுபக்கத்தில் குவிக்க, பாதிக் கூரை வெறுமையாகவும் பாதி பளுவேறியும் நிற்கும் அந்த வேளையில்தான் குறுக்குச் சட்டங்கள் முதன்முறையாக உண்மையான விசையைச் சந்திக்கின்றன. அதற்கேற்ற கனமும் இணைப்பும் அவற்றுக்கு இல்லை. இந்தச் சமமற்ற சுமையைப் பல பழைய கணக்குகள் கருதவே இல்லை.

கீழ்சட்டத்தின் குறை வேறு வகையானது. மரம் வளைவைத் தாங்கும் அளவுக்கு இழுவிசையையும் தாங்கும் என்றே நெடுங்காலம் கொள்ளப்பட்டது. முழு அளவு மரங்களை இழுத்துச் சோதித்தபோது, கணுக்களும் சாய்ந்தோடும் நார்களும் அவ்வலிமையைப் பெரிதும் குறைப்பது தெரியவந்ததால், 1960களின் இறுதியை ஒட்டி அனுமதிக்கத்தக்க இழுவிசை ஏறத்தாழப் பாதியாக்கப்பட்டது. விதி மாறினாலும், அதற்கு முன் எழுந்த கூரைகள் பல பழைய கணக்கோடே நிற்கின்றன.

இயற்கையும் பழைய அறிவும் விட்ட குறைகளுக்கு மேல் மனிதரின் அலட்சியமும் சேர்கிறது. கீழ்சட்டத்தில் பொய்க்கூரையையும் குளிர்சாதனக் குழாய்களையும் தொங்கவிடுவது, பழைய கூரைப்பூச்சின்மேல் புதியதை அடுக்குவது, வெப்பக்காப்பு சேர்த்ததனால் உள்வெப்பம் மேலேறிப் பனியை உருக்காமல் போவது, செங்கல் சுவருக்குள் பதிந்த முனைகள் ஈரத்தில் உளுத்துப்போவது ஆகிய யாவும் ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாமலே நடக்கின்றன. ட்ரஸ்கள் பெரும்பாலும் 16 முதல் 20 அடி இடைவெளியில் நிற்பதால், ஒன்று முறிந்தாலும் அதன் இருபுறத்துக் கூரையும் சேர்ந்தே விழும். தீயின்போதும் இது நேர்ந்திருக்கிறது. நியூ ஜெர்சியின் ஹாக்கென்சாக் நகரில் 1988 ஜூலை 1 அன்று தீப்பற்றிய கார் விற்பனை நிலையத்தில் இவ்வகைக் கூரை இடிந்து ஐந்து தீயணைப்பு வீரர்கள் மாண்டனர். கூரைக்கும் உட்கூரைக்கும் இடையே உதிரிபாகங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அதன்பின், ட்ரஸ் உள்ள கட்டடங்களின் முகப்பில் முக்கோண அடையாளம் பொருத்த வேண்டுமென அம்மாநிலம் சட்டம் செய்தது.

அடையாளப் பலகை தீயணைப்பு வீரரை எச்சரிக்குமே தவிர, கூரையைத் தாங்காது. போல்ட் வரிசையை ஒட்டிக் கீழ்சட்டத்தில் ஓடும் வெடிப்பையும், நடுவில் தெரியும் தொய்வையும் வண்ணம் பூசி மறைக்காமல் பொறியாளரை அழைத்துக் காட்டுவதும், கணக்கிடாமல் ஒரு விளக்கைக்கூடத் தொங்கவிடாதிருப்பதும் கட்டட உரிமையாளரின் கடமை.