கடைசி நிரைக்கு மிச்சம் வை

லங்காவியில் மாலை ஐந்து மணிக்கு ஒரு விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் முதல் முழுத்தூர முப்போட்டி அது. 3.8 கிலோமீட்டர் கடலில் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டி, 42.2 கிலோமீட்டர் ஓட வேண்டிய போட்டி. நீச்சலும் சைக்கிளும் முடிந்திருந்தன. ஓட்டத்தில் பதினான்காவது கிலோமீட்டரிலேயே கால் நகர மறுத்துவிட்டது. தண்ணீர்ப் பந்தலில் நின்ற ஒரு பையன் ஓடிவந்து ஐஸ் நனைத்த பஞ்சை என் பிடரியில் வைத்தான். "அபாங், ஓக்கே கா?" என்று கேட்டான். பதில் சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை.

அப்போது எனக்கு வயது 36. மலாக்கா குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ஷிப்ட் முடிந்ததும் ஹங் ஜெபாட் அரங்கத்தைச் சுற்றியுள்ள சாலையில் ஓடுவேன். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் சைக்கிளை எடுத்துக்கொண்டு மஸ்ஜித் தானா வழியாகத் தஞ்சோங் பிடாரா கடற்கரை வரை போய்வருவேன். ஓராண்டு விடாமல் பயிற்சி செய்திருந்தேன். அதனால் அன்றைய தோல்விக்குப் பயிற்சிக் குறைவு காரணமில்லை. நான் வேகத்தைச் செலவழித்த விதம்தான் காரணம்.

கணக்கைச் சொல்கிறேன். சைக்கிளில் முதல் 90 கிலோமீட்டரை 2 மணி 55 நிமிடத்தில் முடித்தேன். உடம்பு பஞ்சாகப் பறந்தது. மேட்டில் என்னைத் தாண்டிப் போனவர்களையெல்லாம் துரத்திப் பிடித்தேன். அடுத்த 90 கிலோமீட்டருக்கு 3 மணி 23 நிமிடம் ஆனது. ஓட்டத்தில் முதல் பத்து கிலோமீட்டரை 58 நிமிடத்தில் ஓடினேன். அதற்குப் பிறகு பெரும்பாலும் நடைதான். மாரத்தானுக்கு மட்டும் 6 மணி 37 நிமிடம். மொத்தம் 14 மணி 43 நிமிடத்தில் எல்லைக்கோட்டைத் தொட்டேன்.

உடம்பின் இரண்டு கிடங்குகள்

இப்படி ஆவதற்குக் காரணம் நம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. நம்மிடம் எரிபொருள் இரண்டு கிடங்குகளில் இருக்கிறது. ஒன்று கொழுப்பு. ஒல்லியான ஆளிடம்கூட அது பல்லாயிரம் கலோரிக்குக் குறையாது. இன்னொன்று தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து. இது ஏறக்குறைய 2,000 கலோரிதான். நிதானமாகப் போகும்போது உடம்பு கொழுப்பை அதிகம் எரிக்கும். வேகம் கூடக்கூடச் சின்னக் கிடங்கிலிருந்து அள்ளத் தொடங்கும். அது காலியானால் கால் கனக்கும், தலை சுற்றும், மனசும் விட்டுப்போகும்.

வழியில் சாப்பிட்டு நிரப்பிக்கொள்ளலாமே என்று தோன்றும். குடலுக்கும் ஓர் அளவு உண்டு. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்பது பலருக்கும் ஒத்துவரும் அளவு. பழகியவர்கள் 90 கிராம் வரை போகிறார்கள். வேகமாகப் போகும்போது ரத்தம் தசைக்கும் தோலுக்கும் ஓடிவிடுவதால் வயிறு அந்த அளவையும் ஏற்க மறுக்கும். அன்றைக்கு நான் விழுங்கிய ஜெல் எல்லாம் அப்படியே நெஞ்சில் நின்றது.

இதோடு நம் ஊர் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. காற்றில் ஈரம் அதிகமானதால் வேர்வை காயாமல் வழிகிறது. காய்ந்தால்தான் உடம்பு குளிரும். வேர்த்து வேர்த்து ரத்தத்தில் நீர் குறைய, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. காலையில் சுலபமாக இருந்த வேகம் பிற்பகலில் சுலபமாக இருக்காது.

சைக்கிளில் காற்றும் தன் பங்கை வாங்கிக்கொள்ளும். வேகம் இரட்டிப்பானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதைத் தள்ளத் தேவையான சக்தியோ எட்டு மடங்கு. அதனால் ஒருவரைத் துரத்திப் பிடிக்க நான் கொடுத்த விலைக்குக் கிடைத்த லாபம் சில வினாடிகள்தான்.

அப்பாவின் பால்காடு

லங்காவியிலிருந்து திரும்பி, படி ஏற முடியாமல் வீட்டில் கிடந்தபோது அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அலோர் காஜா பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "முதல் நிரையிலேயே பாஞ்சிட்டியாடா?" என்றார்.

பால்காட்டு வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விடியற்காலையில் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு முடிந்ததும் ஆள் தன் நிரையில், அதாவது மர வரிசையில், இறங்கிவிட வேண்டும். ஓர் ஆளுக்கு ஏறக்குறைய ஐந்நூறு மரம். குளிர்ச்சியான நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து ஓட்டம் மட்டுப்படும். அதனால் நேரத்தோடு முடிக்க வேண்டிய வேலை அது. ஆனாலும் அவசரப்பட முடியாது. பட்டையை ரொம்ப ஆழமாகச் சீவினால் மரத்தில் காயம் படும். காயம் பட்ட இடத்தில் புதுப் பட்டை ஒழுங்காக வளராது. கங்காணியிடமும் ஏச்சு கிடைக்கும். சீவி முடித்தபின் அதே மரங்களுக்குத் திரும்பிப் போய், மங்கு என்ற கிண்ணத்திலிருந்து பாலைச் சேர்த்து, தோள்கட்டையில் தொங்கும் காண்டா வாளியில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும்.

"புதுசா வர்ற பையன்க முதல் நூறு மரத்தை என்னைவிட வேகமா முடிப்பானுங்க. பாலைத் தூக்குற நேரத்துல ஒருத்தனையும் காணோம். கடைசி நிரைக்கு மிச்சம் வைக்கணும்டா" என்றார் அப்பா. எந்தப் பயிற்சிப் புத்தகமும் எனக்கு இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அரை வினாடி வித்தியாசம்

நீண்ட போட்டி எங்கே முடிவாகிறது என்பதை நம்மவர் ஒருவர் உலகத்துக்கே காட்டியிருக்கிறார். 1998-இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில் ஜி. சரவணன் மலேசியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தார். நேரம் 4 மணி 10 நிமிடம் 5 வினாடி. வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக ஐந்து நிமிடம். இரண்டாவதாக வந்த ஆஸ்திரேலியர் 25 வினாடிதான் பின்தங்கினார். கிலோமீட்டருக்கு அரை வினாடி! நான்கு மணி நேரத்துக்கு மேல் நடக்கும் போட்டியில் முதல் பதினைந்து நிமிடப் பாய்ச்சலால் எதுவும் முடிவாகிவிடுவதில்லை.

2023-இல் சிகாகோ மாரத்தானில் கென்யாவின் கெல்வின் கிப்டும் 2 மணி 35 வினாடியில் உலகச் சாதனை படைத்தார். முதல் பாதிக்கு 60 நிமிடம் 48 வினாடி, இரண்டாம் பாதிக்கு 59 நிமிடம் 47 வினாடி. சாதனை படைத்த அந்த ஓட்டத்திலும் பின்பாதிதான் வேகம்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1978-இல் 15 பேரோடு ஹவாயில் தொடங்கியதுதான் அயர்ன்மேன் என்ற இந்த முழுத்தூர முப்போட்டி. அங்கே 1982-இல் ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி பெண்களில் முதலாவதாக வந்துகொண்டிருந்தார். எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்னால் உடம்பு முற்றிலும் வற்றிப்போய்ச் சரிந்தார். கேத்லீன் மக்கார்ட்னி அவரைத் தாண்டிப் போய் 29 வினாடி வித்தியாசத்தில் வென்றார். மாஸ் தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த பலர் இந்த விளையாட்டுக்கு வந்தார்கள். அந்த மன உறுதியைக் கும்பிடுகிறேன். அதே சமயம், உறுதி இருந்தும் எரிபொருள் தீர்ந்தால் உடம்பு என்ன ஆகும் என்பதற்கும் அதுவே சாட்சி.

இரண்டாவது முறை

நான்கு ஆண்டு கழித்து, 40 வயதில், மறுபடி லங்காவிக்குப் போனேன். ஹவாயில் ஆறு முறை வென்ற மார்க் ஆலன் பின்பற்றிய ஓர் எளிய கணக்கை எடுத்துக்கொண்டேன். 180-இலிருந்து வயதைக் கழித்தால் வரும் எண்ணைத் தாண்டாத இதயத் துடிப்பில் நீண்ட பயிற்சிகளைச் செய்வது. எனக்கு 140. தொடக்கத்தில் அந்த எண்ணுக்குள் ஓடுவது நடப்பதுபோல் இருந்தது. அரங்கத்தைச் சுற்றி நடைப்பயிற்சிக்கு வரும் அம்மாமார்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். எட்டு மாதத்தில் அதே துடிப்பில் வேகம் தானாக ஏறியது.

போட்டியன்று சைக்கிளிலும் 140-ஐத் தாண்டவில்லை. மேட்டில் கூட்டம் கூட்டமாக என்னைக் கடந்து போனார்கள். போகட்டும் என்று விட்டேன். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் சாப்பிட்டேன், தாகம் எடுக்குமுன் குடித்தேன். முதல் 90 கிலோமீட்டருக்கு 3 மணி 22 நிமிடம், அடுத்த 90-க்கு 3 மணி 24. ஓட்டத்தில் முதல் பத்து கிலோமீட்டருக்கு 71 நிமிடம், கடைசிப் பத்துக்கு 73. மேட்டில் என்னைத் தாண்டியவர்களில் பலரை இருட்டிய பிறகு செனாங் சாலையில் பார்த்தேன். அவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். விளக்குக் கம்பங்களை எண்ணியபடியே ஓடினேன். எந்தக் கம்பத்திலும் நிற்கவில்லை.

மொத்தம் 13 மணி 37 நிமிடம். சைக்கிளில் 28 நிமிடம் மெதுவாகப் போனேன். ஓட்டத்தில் 95 நிமிடம் திரும்பக் கிடைத்தது.

முதல் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பேர் கொடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும், நாற்பதைத் தாண்டி நடக்கத் தொடங்கியிருக்கும் அண்ணன் அக்காமார்களுக்கும் ஒன்று சொல்வேன். கடிகாரமோ விலையுயர்ந்த கருவியோ வேண்டாம். தூரத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் பங்கில், பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் உடனே வேகத்தைக் குறையுங்கள். இரண்டாம் பங்கில் அதே நிதானத்தைக் காப்பாற்றுங்கள். மூன்றாம் பங்கில் பலம் மிச்சமிருந்தால் ஓடுங்கள். தொடக்கத்தில் உங்களைத் தாண்டிப் போகிறவர்களைத் துரத்தாதீர்கள். அவர்கள் போகட்டும், உங்கள் நிரையை நீங்கள் பாருங்கள்.