நிச்சயதார்த்த மோதிரம்

மகனுக்குப் பெண் பேசி முடித்து, மோதிரம் வாங்க நகைக்கடைக்குப் புறப்படுகிறீர்கள். அங்கே 'அமெரிக்கன் டைமண்ட்' என்று காட்டுவது வைரமன்று; சிர்கோனியா என்னும் செயற்கைக் கல். அழகுதான், வைரத்தின் விலையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

வைரத்துக்குக் காரட் என்பது எடை. ஒரு காரட் 0.2 கிராம்தான். தங்கத்துக்கோ அது மாற்று. 22 காரட்டுக்கு 916 முத்திரை, அதாவது ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம். கல்லை இறுகப் பிடிக்க உறுதி வேண்டுமென்பதால், வைர மோதிரங்களைப் பெரும்பாலும் 18 காரட்டில், 750 முத்திரையோடு செய்கிறார்கள்.

ரசீதில் தங்கத்தின் எடை, கல்லின் எடை, கூலி மூன்றையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம், பணம் உங்களுடையது. அவசரத்துக்கு அடகுக் கடையில் வைத்தால் தங்கத்துக்குத்தான் மதிப்பு. சிறு கல்லுக்குக் கிடைப்பது சொற்பம். என்னைக் கேட்டால், கல்லில்லாத 916 மோதிரமே போதும் என்பேன்.