மூச்சுத் திணறலும் சிறுநீர்க் கசிவும்: மறைக்க வேண்டாம், சொல்லுங்கள்



நம் பகுதியில் நோயாளிகளை நலம் விசாரிக்கப் போனபோது ஒரு பெரியவரைப் பார்த்தோம். பல வருடங்களாக ஜும்ஆவுக்கு முன்வரிசையில் உட்காருபவர். சில மாதங்களாக அவரைப் பள்ளிவாசலில் காணவில்லை. கேட்டதற்கு, "மூச்சு வாங்குது, நடக்க முடியல" என்று மட்டும் சொன்னார். மீதி விவரத்தை அவருடைய மனைவி எங்களோடு வந்த சகோதரிகளிடம் தனியாகச் சொன்னார். இருமினால் சிறுநீர் கசிந்துவிடுகிறது. ஸஃப்பில் நிற்கும்போது அப்படி ஆகிவிடுமோ என்று அவருக்குப் பயம். அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார், கால் வீக்கத்துக்குக் கொடுத்த மாத்திரையையும் நிறுத்திவிட்டார். டாக்டரிடம் இதில் ஒன்றையும் சொல்லவில்லை.

இவர் ஒருவர் மட்டும் இல்லை. விசாரித்துப் பார்த்தால் இப்படிப் பல வீடுகள் இருக்கின்றன. அதனால்தான் இந்த இதழில் இதை வெளிப்படையாக எழுதுகிறோம்.

இது என்ன நோய்?

டாக்டர்கள் சிஓபிடி என்று எழுதுவது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். காற்று போகும் குழாய்கள் வருடக்கணக்கில் புண்பட்டு, வீங்கி, சளி அடைத்துச் சுருங்கிவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ல் உலகம் முழுவதும் சுமார் 35 லட்சம் பேர் இந்த நோயால் இறந்திருக்கிறார்கள்.

பீடி, சிகரெட் முக்கியக் காரணம். ஆனால் வாழ்நாளில் பீடியைத் தொடாத நம் தாய்மார்களுக்கும் இது வருகிறது. விறகு, வறட்டி, சுள்ளி எரித்துச் சமைத்த புகைதான் அதற்குக் காரணம். திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில், புகைபிடிக்காத 900 பெண்களைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் பரிசோதித்து 2011ல் முடிவை வெளியிட்டார்கள். அதில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் இந்த நோய் இருந்தது. கல்யாண வீடுகளில் விறகு அடுப்பில் பிரியாணி சமைக்கும் மாஸ்டர்களும், கல் தூசியில் வேலை செய்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

மூச்சு ஏன் முட்டுகிறது?

பலரும் காற்று உள்ளே போகவில்லை என்று நினைக்கிறார்கள். உண்மையில் பழைய காற்று வெளியே வர முடியாமல் நுரையீரலில் தங்கிவிடுகிறது. அது நிறைந்திருப்பதால் புதுக் காற்றுக்கு இடம் இல்லை. பதறி வேகமாக மூச்சு இழுத்தால் இன்னும் காற்று தேங்கும், திணறல் கூடும், பயமும் கூடும். ஆகவே முதல் வேலை மூச்சை மெதுவாக வெளியே விடுவதுதான்.

திணறல் வந்தால் செய்ய வேண்டியவை

செய்துகொண்டிருப்பதை நிறுத்தி உட்காருங்கள். படுக்க வேண்டாம். முன்பக்கம் சாய்ந்து, முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றிக்கொள்ளுங்கள். மேசை இருந்தால் அதன்மேல் தலையணை வைத்துச் சாயலாம். வெளியில் இருந்தால் சுவரில் சாய்ந்து நில்லுங்கள். தோள்களைத் தளர விடுங்கள்.

வாயை மூடி மூக்கால் 'ஒன்று, இரண்டு' என எண்ணும் நேரம் மூச்சை இழுங்கள். பிறகு சூடான டீயை ஊதுவதுபோல உதடுகளைக் குவித்து, 'ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு' என எண்ணும் நேரம் மெதுவாக வெளியே விடுங்கள். வலிந்து தள்ள வேண்டாம். திணறல் இல்லாத நாட்களிலும் தினமும் பழகினால்தான் அவசரத்தில் கை கொடுக்கும்.

முகத்தில் காற்று படும்படி ஒரு விசிறியால் மெதுவாக வீசுங்கள். கன்னத்திலும் மூக்கைச் சுற்றியும் குளிர்ந்த காற்று படும்போது திணறல் உணர்வு குறைவது ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. பனையோலை விசிறியே போதும்.

டாக்டர் கொடுத்த அவசர இன்ஹேலரை அவர் சொன்ன அளவில் எடுங்கள். ஸ்பேசர் வைத்து எடுத்தால் மருந்து தொண்டையில் ஒட்டாமல் நெஞ்சுக்குள் போகும். 'பம்பு போட்டால் பழகிவிடும்' என்ற பேச்சை நம்ப வேண்டாம். தினமும் எடுக்கச் சொன்ன இன்ஹேலரை நிறுத்துவதால்தான் பலருக்குத் திணறல் திரும்பத் திரும்ப வருகிறது. ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் என்றால் எடுத்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும்.

எப்போது 108?

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடோ நகமோ நீலமாகிறது, குழப்பமாகப் பேசுகிறார் அல்லது தூங்கித் தூங்கி விழுகிறார், நெஞ்சு வலிக்கிறது, இன்ஹேலர் எடுத்தும் குறையவில்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108ஐ அழையுங்கள். வருபவர்களிடம் 'சிஓபிடி நோயாளி' என்று முதலிலேயே சொல்லுங்கள். இவர்களில் பலருக்கு ஆக்சிஜன் அளவு 88 முதல் 92க்குள் இருப்பதே சரியான இலக்கு. அளவுக்கு மீறிய ஆக்சிஜன் கெடுதல் செய்யும். வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் இருந்தால் டாக்டர் வைத்த அளவை நாமாகக் கூட்டக் கூடாது. அதன் அருகில் அடுப்பு, ஊதுபத்தி, பீடி எதுவும் இருக்கக் கூடாது.

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலும், வழக்கத்தைவிட அதிகமானாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். அடி அண்ணாமலையில் இருக்கும் நமக்கு இதில் இன்னொரு கவனமும் தேவை. பௌர்ணமி இரவிலும் கார்த்திகை தீபத்தன்றும் கிரிவலப் பாதையில் கூட்டம் நிறைந்திருக்கும், வாகனம் எளிதில் வந்து போக முடியாது. உடம்பு சற்றுச் சரியில்லை என்றால் அதற்கு முந்தைய நாளே மருத்துவமனைக்குப் போய் வந்துவிடுங்கள். இன்ஹேலர் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறுநீர் ஏன் கசிகிறது?

ஒவ்வொரு இருமலும் வயிற்றை அழுத்துகிறது, அந்த அழுத்தம் சிறுநீர்ப்பையில் இறங்குகிறது. இடுப்பின் அடியில் அதைத் தாங்கும் தசைகள் வருடக்கணக்கான இருமலால் தளர்ந்துவிடுகின்றன. பிள்ளை பெற்ற பெண்களுக்கு இது கூடுதல். ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம் சேர்ந்துகொள்ளும். மலச்சிக்கல், சர்க்கரை நோய், சிறுநீர்த் தொற்று, கால் வீக்கத்துக்கான மாத்திரை ஆகியவையும் காரணமாகலாம். சில இன்ஹேலர் மருந்துகள் சிறுநீரை முழுதாகப் போகவிடாமல் தேக்கி, பிறகு சொட்டச் செய்யலாம். இன்ஹேலர் மாற்றிய பிறகு இப்படி ஆனால் மருந்தை நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்து உண்டு. ஆக, கசிவு வயசான குற்றமும் இல்லை, அசுத்தமான பழக்கமும் இல்லை. அதே நோயின் இன்னொரு பக்கம்.

தண்ணீரைக் குறைப்பது தீர்வு ஆகாது. சளி கெட்டியாகும், இருமல் கூடும், கசிவும் கூடும். சிறுநீர் அடர்ந்து பையை எரிச்சலூட்டும். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவும், மற்றவர்கள் நாளைக்கு 6 முதல் 8 டம்ளர் வரையும் குடிக்கலாம். மாலைக்குப் பிறகு டீ, காபியைக் குறையுங்கள்.

கசிவைக் குறைக்கும் பயிற்சி

சிறுநீரையும் வாயுவையும் அடக்கும்போது எந்தத் தசையை இறுக்குகிறோமோ, அதை மேல்நோக்கி இறுக்கிச் சில விநாடிகள் பிடித்து விடுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். ஒரு தடவைக்கு 8 முறை, நாளைக்கு 3 தடவை. குறைந்தது 3 மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். இருமல் வருகிறது என்று தெரிந்ததும் அந்தத் தசையை இறுக்கிக்கொண்டு, முன்னால் சாய்ந்து இருமுங்கள். இந்த ஒரு பழக்கமே கசிவைக் கணிசமாகக் குறைக்கும்.

2 அல்லது 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, அவசரம் வரும் முன்பே கழிப்பறைக்குப் போய் வாருங்கள். திடீரென முட்டினால் ஓட வேண்டாம், ஓடினால் மூச்சும் முட்டும். உட்கார்ந்து தசையை இறுக்கி, உதடு குவித்து நாலைந்து மூச்சு விட்டு, வேகம் தணிந்ததும் நடந்து போங்கள். குந்தி உட்காரும் கழிப்பறை இவர்களுக்கு மிகவும் சிரமம். அதன்மேல் வைக்கும் கமோடு நாற்காலி மருந்துக் கருவிக் கடைகளில் கிடைக்கும். இரவில் கட்டிலருகே சிறுநீர்ப் பாத்திரமும் ஒரு விளக்கும் இருந்தால் இருட்டில் விழுவதைத் தவிர்க்கலாம். நனைந்த துணியை உடனே மாற்றி, தோலைக் கழுவி உலர்த்துங்கள்.

தொழுகையும் நோன்பும்

பலரைப் பள்ளிவாசலில் இருந்து பிரித்தது இந்தக் கவலைதான். இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் தமக்கு மூலநோய் இருந்ததால் எப்படித் தொழுவது என்று நபி (ஸல்) அவர்களிடமே கேட்டார்கள். நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் படுத்தும் தொழலாம் என்ற வழிகாட்டல் அந்தக் கேள்வியால்தான் நமக்குக் கிடைத்தது. இதை புகாரியில் காண்கிறோம். அந்தரங்கமான நோயைப் பற்றிக் கேட்பதில் வெட்கம் இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

சிறுநீரைக் கட்டுப்படுத்த முடியாத நோயாளி, தொழுகை நேரம் வந்த பிறகு சுத்தம் செய்து, பேட் கட்டிக்கொண்டு, புதிதாக உளூச் செய்து தொழலாம் என்ற சலுகை ஷாஃபி, ஹனஃபி இரண்டு மத்ஹபுகளிலும் உண்டு. விவரங்களில் வேறுபாடு இருப்பதால் உங்கள் நிலையை இமாமிடம் சொல்லிக் கேளுங்கள். கால் வீக்க மாத்திரையை வெள்ளிக்கிழமை மட்டும் ஜும்ஆவுக்குப் பிறகு எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ரமளானில் இன்ஹேலரை நீங்களாக நிறுத்த வேண்டாம். நோன்பு வைக்கலாமா, மருந்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றலாமா என்று டாக்டரையும் ஆலிமையும் ரமளானுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான்.

ஜமாஅத்தாரிடம் எங்கள் வேண்டுகோள்: கழிப்பறைக்குப் பக்கத்தில், கதவோரம் இரண்டு நாற்காலிகள் எப்போதும் இருக்கட்டும். சாம்பிராணி, ஊதுபத்திப் புகையைத் தவிர்ப்போம்.

வீட்டாருக்கு

"அத்தா, இருமும்போது கசியுதா?" என்று பிள்ளைகள் நேரடியாக, தனியாகக் கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். முகம் சுளிக்காதீர்கள், சின்னப் பிள்ளைகள் முன் பேசாதீர்கள். வீட்டில் பீடி, விறகுப் புகை, கொசுவர்த்திச் சுருள் வேண்டாம். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் கொண்டுபோய், மூச்சையும் சிறுநீரையும் சேர்த்தே சொல்லுங்கள். வெளியே வர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புச் சேவையும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள். சந்தேகங்களுக்கு 104ஐ அழைக்கலாம்.

ஆரம்பத்தில் சொன்ன பெரியவர் மகனோடு போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னார். மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார், பயிற்சியும் செய்கிறார். நோய் தீரவில்லை, கசிவும் முழுதாக நிற்கவில்லை. ஆனால் இப்போது வெள்ளிக்கிழமைகளில் கதவோர நாற்காலியில் அவரைப் பார்க்கிறோம், அல்ஹம்துலில்லாஹ்.

நம் நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபாவையும் பொறுமையையும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு நற்கூலியையும் தருவானாக. ஆமீன்.