பதினான்கு நாட்களில் திரும்பிய திருவிழா

கனடாவின் கல்கரி நகரில் சித்தி வீட்டில் தங்கியிருந்த நாட்களில்தான் அதைக் கவனித்தேன். ஜூன் மாதக் கடைசி. வங்கி வாசலில் வைக்கோல் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பல் வைத்தியரின் கண்ணாடி யன்னலில் ஒரு பெண் குதிரைப் படம் கீறிக்கொண்டிருந்தார். பேருந்து நிறுத்தத்தில் கோட்டும் சூட்டும் போட்ட ஒருவர், தலையில் கவ்போய் தொப்பியோடு, யாரும் தன்னைப் பார்ப்பதாகவே உணராமல் நின்றார்.

"அக்கா, ஸ்டம்பீட் வருகுது. பத்து நாளும் இப்பிடித்தான். எங்கட முகாமையாளரே தொப்பியோடதான் வேலைக்கு வருவார்" என்றான் தம்பி. சித்தியின் மகன். இரண்டு வயதில் கொழும்பிலிருந்து போனவன். நகரெங்கும் இலவசக் காலை உணவு கொடுக்கும் தொண்டர் குழு ஒன்றில் இருக்கிறான். அவன் பின்னால் போய்த்தான் ஒரு பெருந்திருவிழாவின் ஆயத்தத்தை உள்ளிருந்து பார்க்கக் கிடைத்தது.

முதலில் ரோடியோ என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். 'சுற்றி வளைத்தல்' என்ற பொருளுள்ள ஸ்பானியச் சொல்லில் இருந்து வந்த பெயர். பரந்த மேய்ச்சல் நிலத்தில் மாடுகளைச் சுற்றி வளைத்துப் பட்டிக்குக் கொண்டுவந்த கூலிக்காரர்களின் வேலையே பிறகு போட்டியானது. முரட்டுக் குதிரையின் மீதோ எருதின் மீதோ ஒற்றைக் கையால் பிடித்தபடி எட்டு விநாடிகள் தாக்குப்பிடிக்க வேண்டும். மற்றக் கை எதிலும் படக்கூடாது. நூறு புள்ளிகளில் பாதி ஓடுபவருக்கு, பாதி விலங்குக்கு. அதாவது சாதுவான குதிரை கிடைத்தவருக்கு வெற்றி இல்லை. கன்றை ஓடிப்பிடித்துக் கட்டுவது, பீப்பாய்களைச் சுற்றிப் பெண்கள் குதிரை ஓட்டுவது என்று வேறு போட்டிகளும் உண்டு.

கல்கரி ஸ்டம்பீட் 1912இல் தொடங்கியது. கை வீடிக் என்னும் வித்தைக்காரரின் யோசனைக்கு, 'பெரிய நால்வர்' என்று அழைக்கப்பட்ட நான்கு பண்ணை முதலாளிகள் பணம் போட்டார்கள். 1923இல் அது ஆண்டு விழாவானது. 2024இல் பத்து நாட்களில் 14 இலட்சத்து 70 ஆயிரத்துக்கும் அதிகமானோர் வந்துபோனார்கள். இதை நடத்துவது அரசாங்கமும் அல்ல, ஒரு தனி முதலாளியும் அல்ல. இலாப நோக்கற்ற ஓர் அமைப்பு. நிரந்தர ஊழியர்களும் திருவிழாக் காலத்துக்கென்று சேர்க்கப்படும் ஊழியர்களும் சம்பளத்துக்கு வேலை செய்ய, 2000க்கும் மேற்பட்ட தொண்டர்கள் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறார்கள்.

தொண்டர்களுக்குத் தனித்தனிக் குழுக்கள் உண்டு. ஊர்வலத்துக்கு ஒன்று, ரோடியோவுக்கு ஒன்று, விவசாயக் கண்காட்சிக்கு ஒன்று என்று போகிறது பட்டியல். ஊர்வலத்தில் குதிரைகளுக்குப் பின்னால் விளக்குமாறும் வாளியுமாகப் போய்ச் சாணம் அள்ளுபவர்களுக்குத்தான் சனம் அதிகமாகக் கைதட்டும் என்று தம்பி சொன்னான். குழுக்களின் கூட்டம் கோடையில் தொடங்குவதில்லை. பனி கொட்டும் மாதங்களிலேயே தொடங்கிவிடுகிறது. முதல் முறை வருபவர் மேசை துடைப்பார். பல வருடங்கள் போனபிறகுதான் குழுவின் பொறுப்பு கைக்கு வரும். கோயில் பரிபாலன சபையைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது ஒன்றும் புதிதாகப் படவில்லை. யார் அடுத்த தலைவர் என்ற புறுபுறுப்பும் அங்கே இருந்தது.

தம்பியின் குழுவுக்கு வேலை காலை உணவு. 1923இல் ஜக் மோர்ட்டன் என்ற வண்டிக்காரர் தன் சமையல் வண்டியை நகரத்து நடுவில் நிறுத்தி, போவோர் வருவோருக்கெல்லாம் பான்கேக் சுட்டுக் கொடுத்ததில் இருந்து வந்த வழக்கம் என்கிறார்கள். இன்று வணிக வளாகங்கள், பள்ளிவாசல்கள், தேவாலயங்கள், அரசியல்வாதிகளின் அலுவலகங்கள் எல்லாம் தரிப்பிடத்தில் தட்டு வைத்துச் சுடுகின்றன. ஒத்திகை நாளன்று என்னையும் மாக் கரைக்க விட்டார்கள். என் கரைசல் தண்ணீராகப் போய்விட்டது. பக்கத்தில் நின்ற முதியவர் ஒன்றும் பேசாமல் இன்னும் இரண்டு கோப்பை மா போட்டார்.

சம்பளமில்லாத இந்த உழைப்பைப் பற்றி எனக்கு ஒரு நெருடல் இருந்தது. இவ்வளவு பணம் புரளும் இடத்தில் ஏன் சும்மா வேலை செய்கிறார்கள்? சித்தியிடம் கேட்டேன். அவர் சிரித்தார். கனடாவுக்கு வந்த புதிதில் எந்த வேலைக்குப் போனாலும் 'கனடிய அனுபவம்' கேட்பார்களாம். யாழ்ப்பாணத்துக் கந்தோரில் பன்னிரண்டு வருடம் கணக்கெழுதியது அனுபவத்தில் சேராது. தொண்டர் வேலை செய்தால் கடிதம் கிடைக்கும், கடிதம் கிடைத்தால் நேர்முகம் கிடைக்கும். "நான் ஊருக்காகச் செய்யேல்லை பிள்ளை, கடிதத்துக்காகத்தான் போனனான். பிறகு பழகிப்போச்சு" என்றார். இப்படிப் பழகிப்போனவர்களை அந்தக் குழுக்களில் நிறையப் பார்த்தேன். பிலிப்பைன்ஸ்காரர், எரித்திரியர், பஞ்சாபியர். தலையில் எல்லோருக்கும் ஒரே தொப்பி.

பழைய தொண்டர்களிடம் எதைப் பற்றிக் கேட்டாலும் கதை ஓரிடத்தில் போய் நிற்கும்: 2013.

அந்த ஆண்டு ஜூன் 19 முதல் 21 வரை ரொக்கி மலையடிவாரத்தில் விடாமல் மழை. மலையில் கிடந்த பனியும் சேர்ந்து கரைந்தது. கல்கரிக்குள் இரண்டு ஆறுகள் சந்திக்கின்றன: எல்போ, 'போ'. இரண்டும் ஒரே நேரத்தில் பெருகின. நகரத்தில் மட்டும் பல்லாயிரக்கணக்கானோரை வீடுகளில் இருந்து வெளியேறச் சொன்னார்கள். ஸ்டம்பீட் மைதானம் எல்போ ஆற்றின் வளைவிலேயே இருக்கிறது. பந்தயப் பாதை குளமானது. பக்கத்தில் உள்ள சடில்டோம் உள்ளரங்கில் கீழ் வரிசை இருக்கைகள் நீருக்குள் போயின. திருவிழா தொடங்க வேண்டிய நாள் ஜூலை 5. இடையில் இருந்தது பதினான்கு நாட்கள்.

தண்ணீர் வடியும் முன்பே, நரகமே வந்தாலும் வெள்ளமே வந்தாலும் நடத்துவோம் என்று அமைப்பின் தலைவர் அறிவித்தார். எது வந்தாலும் என்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் மரபுத்தொடர் அது. அந்த வருடம் அதில் பாதி சொல்லுக்குச் சொல் உண்மையாகிவிட்டிருந்தது. ஊழியர்களும் ஒப்பந்தக்காரர்களும் தொண்டர்களும் இரவு பகலாக வேலை செய்தார்கள். நீரை இறைத்தார்கள். பந்தயப் பாதையில் படிந்த சேற்றை வழித்தெடுத்துப் புது மண் கொட்டி இறுக்கினார்கள். கட்டடங்களின் கீழ்த்தளங்களில் இருந்து நனைந்த சுவர்ப் பலகைகளைப் பெயர்த்தார்கள். சடில்டோமில் நடக்கவிருந்த இசை நிகழ்ச்சிகளை மட்டும் கைவிட வேண்டியிருந்தது. அறிவித்தபடி ஜூலை 5 காலை ஊர்வலம் புறப்பட்டது. அந்த மரபுத்தொடரை அச்சிட்ட ரீசேர்ட் விற்று, வெள்ள நிவாரணத்துக்கென்று செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 20 இலட்சம் டொலருக்கு மேல் சேர்த்தார்கள்.

இந்தக் கதையைக் கேட்கும்போது எனக்கும் உடல் சிலிர்த்தது. மறைக்க மாட்டேன். ஆனால் மண்ணை வெட்டியவர்கள் சொல்லும் கதையிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. கல்கரிக்குத் தெற்கே ஹை ரிவர் என்ற சிறு நகரம். 13,000 பேரளவில் வாழ்ந்த அந்த நகரம் முழுவதையும் வெளியேற்றினார்கள். ஸ்டம்பீட்டில் வாணவேடிக்கை நடந்த இரவுகளில் அங்குள்ள ஒரு பகுதி மக்கள் இன்னும் வீடு திரும்பியிருக்கவில்லை. இப்போது திருவிழா வேண்டுமா என்று அப்போதே கேட்டவர்கள் இருந்தார்கள்.

இன்னொரு இடத்தைப் பற்றி அதைவிடக் குறைவாகவே பேசப்பட்டது. கல்கரியில் எல்போவைச் சேர்த்துக்கொண்ட 'போ' ஆறு கிழக்கே ஓடி சிக்சிகா முதற்குடிகளின் நிலத்துக்குள் நுழைகிறது. மைதானத்தைத் தொட்டுவிட்டுப் போன அதே நீர். அங்கே ஏறத்தாழ ஆயிரம் பேர் இடம்பெயர்ந்தார்கள். திருவிழா மைதானம் பதினான்கு நாட்களில் மீண்டது. சிக்சிகாவில் வீடிழந்த குடும்பங்கள் பல, ஆண்டுகள் கடந்தும் தற்காலிகக் குடியிருப்புகளிலேயே இருந்தன. தற்காலிகம் என்ற சொல்லை எப்படி வாசிக்க வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

மைதானத்தைக் கழுவிய தொண்டரில் இதற்குக் குற்றம் இல்லை. பந்தயப் பாதைக்கு ஒரு திகதி இருந்தது. காப்புறுதி இருந்தது. ஊடகங்களும் விளம்பரதாரரும் விமானச் சீட்டு வாங்கிவிட்ட பார்வையாளரும் காத்திருந்தார்கள். சிக்சிகாவின் வீடுகளுக்கு எந்த ஜூலை 5உம் குறிக்கப்பட்டிருக்கவில்லை. மாகாணமும் மத்திய அரசும் குடிகளின் சபையும் பேசி முடித்து, நிலம் தெரிந்து, உடன்படிக்கை எழுதி, அதற்குப் பிறகுதான் முதல் அத்திவாரம். மீள்கட்டுமானத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது சேதத்தின் அளவு அல்ல, யாருக்குக் கெடு இருக்கிறது என்பதுதான் என்று எனக்குப் படுகிறது.

அதே சிக்சிகா மக்கள் ஸ்டம்பீட்டுக்கு விருந்தாளிகளும் அல்ல. முதல் வருடத்தில் இருந்தே அவர்கள் இருக்கிறார்கள். 1877இல் பிரித்தானிய முடியோடு 7ஆம் உடன்படிக்கையில் ஒப்பமிட்ட ஐந்து குடிகள்: சிக்சிகா, கைனாய், பிக்கானி, சூட்டினா, ஸ்டோனி நகோடா. 1912இல் அவர்கள் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தை விட்டு வெளியே போவதற்கு அரசாங்க முகவரின் அனுமதிச் சீட்டுத் தேவைப்பட்டது. அவர்களை ஊர்வலத்துக்கு விடுவதில் இந்தியர் விவகாரத் திணைக்களத்துக்கு விருப்பமில்லை. பின்னாளில் பிரதமரான ஆர்.பி. பென்னட் போன்ற செல்வாக்குள்ளவர்கள் தலையிட்டுத்தான் அனுமதி கிடைத்தது. அந்த ஆண்டின் முரட்டுக் குதிரைப் போட்டியில், அதுவரை யாருக்கும் அடங்காதது என்று பெயரெடுத்த 'சைக்குளோன்' மீது ஏறி வென்றவர் கைனாய் குடியைச் சேர்ந்த டொம் த்ரீ பேர்சன்ஸ். இரண்டு வருடம் கழித்து, 1914இல், மேற்குக் கனடாவின் முதற்குடிகள் பாரம்பரிய உடையில் தங்கள் நிலத்துக்கு வெளியே அனுமதியின்றி ஆடுவதைச் சட்டம் தடுத்தது. 1951 வரை அந்தத் தடைகள் இருந்தன. சொந்த ஊரில் சடங்கு செய்தால் குற்றம், கல்கரியில் காட்சிக்கு ஆடினால் கைதட்டு என்ற நிலை. அப்படியிருந்தும் அவர்கள் வந்தார்கள் என்றால், கூடாரம் அடிக்கவும் உறவினரைச் சந்திக்கவும் பாட்டையும் ஆட்டத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டவும் அது ஒரு வாசலாக இருந்தது என்பதால்தான்.

பத்து நாள் கேளிக்கையில் எல்லாமே எனக்குப் பிடித்துவிடவில்லை. 2019இல் வண்டிப் பந்தயத்தில் ஆறு குதிரைகள் இறந்தன. கன்றின் கழுத்தில் கயிறு விழும் போட்டியை என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. தம்பிக்கும் அது பிடிக்காது. அவன் பான்கேக்கோடு நின்றுவிடுகிறான்.

ஆனாலும், வெள்ளத்துக்குப் பிறகு ஏன் திருவிழாவை முதலில் எடுத்தார்கள் என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு கோபமான பதில் மட்டும் இல்லை. 2010இல் நாங்கள் மெனிக் பாமில் இருந்து ஊருக்குத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. தறப்பாள்தான். அந்த நிலையில் அப்பாவும் அயலவர்களும் முதலில் கத்தியும் மண்வெட்டியுமாகப் போனது கோயில் வளவுக்கு. பற்றையை வெட்டி, எஞ்சியிருந்த சுவரைக் கழுவி, ஒரு பானையில் பொங்கல் வைத்தார்கள். எங்கள் கிணறு அப்போதும் இறைக்கப்படவில்லை. அம்மா அதற்காக அப்பாவோடு சண்டை பிடித்தார். பிறகு படையலுக்கு வாழையிலை தேடி அவரும் போனார். அந்தப் பொங்கலுக்கு யாரும் கெடு வைக்கவில்லை, பந்தலுக்கு விளம்பரதாரர் இல்லை. அதே காலத்தில் தெற்கில் வெற்றி விழா அணிவகுப்புகளும் நடந்தன. இரண்டையும் திருவிழா என்ற ஒரே சொல்லால் அழைக்க எனக்கு வாய் வரவில்லை. கல்கரியில் நான் பார்த்தது இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது.

தொடக்க நாளுக்கு முந்திய மாலை தம்பி என்னை ஆற்றின் மறுகரைக்குக் கூட்டிப்போனான். முன்பு 'இந்தியர் கிராமம்' என்று அழைக்கப்பட்ட முகாம் 2016இல் இந்த இடத்துக்கு மாறியது. 2018இல் அந்த மக்களின் விருப்பப்படி 'எல்போ ஆற்று முகாம்' என்று பெயரும் மாறியது. ஐந்து குடிகளின் குடும்பங்கள் கூம்புக் கூடாரங்களை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். கூடாரத்தின் உரிமை குடும்பத்துக்குள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுவது. துணியில் தீட்டிய சித்திரமும் அப்படித்தான். பிளாக்ஃபுட் மொழி பேசும் குடிகள் முதலில் நான்கு கம்பங்களைக் கட்டி நிறுத்தி, மற்றவற்றை அவற்றின் மேல் சாய்க்கிறார்கள். வாசல் கிழக்கே பார்க்க வேண்டும்.

ஒரு பாட்டி கதிரையில் இருந்தபடியே கையைக் காட்டிச் சொல்ல, இரண்டு இளைஞர்கள் கம்பத்தைப் பெயர்த்து ஒரு சாண் தள்ளி வைத்தார்கள். பாட்டி தலையசைக்கவில்லை. மறுபடியும் பெயர்த்தார்கள். வேலிக்கு அப்பால் ஆறு முழங்கால் அளவுத் தண்ணீரோடு, அடியில் கல் தெரிய, 'போ' ஆற்றின் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி நேரத்தைப் பார்த்தான். விடிய நாலு மணிக்கு அவன் மாக் கரைக்கப் போகவேண்டும்.