ஒரே கூரை, ஒன்பது அடுப்பு

“இதென்னம்மா, வீட்டுக்குள்ளே ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இருக்கு!”

எங்கள் ஊர் வீட்டை முதன்முதலாகப் பார்த்தபோது என் சின்னப் பெண் இப்படித்தான் கேட்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. அவள் கேட்டதில் தப்பில்லை. வாசற்படியில் நின்று பார்த்தால் கதவுக்குப் பின் கதவாக, எல்லாம் ஒரே நேர்கோட்டில் போகும். கடைசியில் பின் தெருவின் வெளிச்சம் ஒரு தபால்தலை அளவுக்குத் தெரியும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அடேயப்பா, நடந்து போய் வருவதற்குள் கால் கடுத்துவிடும்!

நான் பிறந்ததும் செட்டிநாட்டுக் குடும்பத்தில்தான். ஆனால் வளர்ந்ததெல்லாம் கோயமுத்தூரில், வாடகை வீட்டில். கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் வந்தபோது எனக்கு முதலில் தோன்றியது, ‘இவ்வளவு பெரிய வீட்டில் ஏன் இத்தனை சின்ன அறைகள்?’ என்பதுதான். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் விளக்கு வேண்டும். கல்யாண மண்டபம் போல வீட்டைக் கட்டியவர்களுக்கு, ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்க நல்ல அறை கட்டத் தெரியவில்லையா?

கேட்டேன். என் மாமியார் சிரித்தார். “அறை எதுக்கும்மா பெரிசா? சாமான் வைக்கவும், ராத்திரி ரெண்டு பேர் படுக்கவும்தானே? மத்ததெல்லாம் வெளியிலே, எல்லாரோடயும்!”

அந்த ஒரு வாக்கியத்தில் வீட்டின் வரைபடமே இருக்கிறது.

புள்ளிக்கு ஓர் அறை

நகரத்தாரில் ஆண்பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் அந்தத் தம்பதி ஒரு ‘புள்ளி’. ஊர்க் கோயிலுக்குப் புள்ளி வரி என்று கணக்கு வைப்பதும் அதைக் கொண்டுதான். புள்ளி ஆனவர்களுக்கு வளவில் ஓர் அறை உண்டு. எத்தனை பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகுமென்று கணக்குப் போட்டு, அதற்குத் தக்கபடி முன்கூட்டியே அறைகளைக் கட்டி வைப்பார்கள். பிறக்காத பேரனுக்கும் சேர்த்துத்தான்! பெண் வீட்டிலிருந்து சீராக வந்த பித்தளை, வெண்கலம், எனாமல் சாமான்கள் எல்லாம் அந்த அறைக்குள்ளே. சாவி மருமகளின் இடுப்பில்.

அடுத்ததுதான் வேடிக்கை. கல்யாணமான கொஞ்ச நாளில் ‘வேறு வைப்பது’ என்று ஒரு வழக்கம். சண்டை போட்டுக்கொண்டு தனிக்குடித்தனம் போவது என்று நினைத்துவிடாதீர்கள். அதே வீடு, அதே கூரைதான். அடுப்பு மட்டும் வேறு. வருஷத்துக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பருப்பு, கைச்செலவுக்கு இவ்வளவு பணம் என்று மாமனார் அளந்து கொடுத்துவிடுவார். அதற்குள் குடும்பம் நடத்துவது சின்ன மருமகளின் சாமர்த்தியம். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலில்கூட, இந்த வழக்கத்தை வியப்போடு குறித்து வைத்திருக்கிறார்.

என் மாமியார் 1964-ல் மருமகளாக வந்தார். அப்போது மூன்றாம் கட்டில் ஒன்பது அடுப்புகள் எரிந்துகொண்டிருந்ததாம். “யார் வீட்டுக் குழம்பிலே பெருங்காயம் கூடிப்போச்சுன்னு முகப்பிலே உக்காந்திருக்கிற ஆம்பளைக்குத் தெரியாது. எங்க ஒன்பது பேருக்கும் தெரியும்” என்பார். ஒருத்தி அடுப்பில் நெய் காய்ந்தால் மற்ற எட்டுப் பேர் வீட்டுப் பிள்ளைகளும் கிண்ணத்தோடு நிற்குமாம். மாதக் கடைசியில் பருப்பு தீர்ந்துவிட்டால் கடன் வாங்கலாம். ஆனால் திருப்பி அளந்து கொடுத்தாக வேண்டும். உறவு உறவாக, கணக்கு கணக்காக! கொண்டுவிற்று வாழ்ந்த சமூகத்துக்கு அடுப்படியே கணக்குப் பள்ளிக்கூடம்.

கடல் தாண்டி வந்த வீடு

என் கணவரின் கொள்ளுத்தாத்தா பர்மாவில் லேவாதேவி செய்தவர். அந்தக் காலத்தில் பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் என்று போய்வந்த செட்டியார்கள் சம்பாதித்ததையெல்லாம் மழை குறைந்த இந்தச் செம்மண் பூமியில்தான் வீடாகக் கொட்டினார்கள். தூணுக்குப் பர்மாத் தேக்கு. தரைக்கு இத்தாலிப் பளிங்கு. சுவருக்கு ஜப்பான் ஓடு, பெல்ஜியம் கண்ணாடி. வாசல் நிலைக்கு மேலே கஜலட்சுமி. சில வீடுகளில் கஜலட்சுமிக்குப் பக்கத்திலேயே துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாயும் சுதைப் பொம்மையாக நிற்பான்! யாருடைய ராஜ்யத்தில் பணம் வந்தது என்பதை மறைக்கத் தெரியாதவர்கள், பாவம்.

வீடுகளெல்லாம் தெருமட்டத்திலிருந்து ஆளுயரத்துக்கு உயர்த்திக் கட்டியிருக்கும். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்கொண்ட பயம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது எப்படியோ, வெள்ளம் வராத சீமையில் வெள்ளத்துக்குப் பயந்து கட்டின வீடுகள்!

தண்ணீர்ப் பஞ்சம் என்னவோ நிஜம். அதனால் ஓட்டுச் சரிவுகள் உள்முற்றத்தைப் பார்த்து இறங்கும். முதல் மழை கூரை அழுக்கைக் கழுவிவிட்டதும், அடுத்து வருவதை மூலைக்கு மூலை அண்டா வைத்துப் பிடிப்பார்கள். மிச்சம் கல் வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தபோது, எங்கள் சென்னை ஃப்ளாட்டில் கூட்டம் போட்டுப் பேசினோம். “இதுக்குக் கூட்டமா?” என்றார் மாமியார்.

சுவரைத் தொட்டுப் பார்த்தால் கண்ணாடி மாதிரி வழுவழுவென்றிருக்கும். நன்றாகக் குழைத்த சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து, பூச்சுமேல் பூச்சாகப் பூசித் தேய்த்தது. சித்திரை வெயிலில் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்தால் ஏ.ஸி. வேண்டாம்.

தரையில் ஆத்தங்குடிக் கல். இது மட்டும் கடல் தாண்டி வரவில்லை. காரைக்குடிக்குப் பக்கத்து ஊரிலேயே செய்வது. இன்றும் கையால்தான் செய்கிறார்கள். கண்ணாடித் தகட்டின்மேல் பூவேலை அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு நிறச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார்கள். சூளையில் சுடுவது கிடையாது. தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்துவதுதான். கண்ணாடியை விட்டுக் கல் பிரியும்போது அந்தப் பளபளப்பும் கூடவே வந்துவிடும். உங்கள் வீட்டில் இந்தக் கல் பதித்திருந்தால் ஒன்று சொல்கிறேன்: ஆஸிட் பக்கமே போகாதீர்கள்! கல்லை அரித்துவிடும். தினம் தண்ணீர் தொட்டுத் துடைத்து, எப்போதாவது ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்தால் போதும். நடக்க நடக்கத்தான் மெருகு ஏறும்.

நடக்கத்தான் ஆள் இல்லை.

1930-களின் பொருளாதார மந்தம் முதல் அடி. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்தபோது போட்டது போட்டபடி ஓடிவந்தவர்கள் எத்தனையோ பேர். சுதந்திரம் பெற்ற பர்மா 1948-ல் நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. அடுத்த தலைமுறை படிப்பு, வேலை என்று சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டது. வீடு மட்டும் நிற்கிறது, வாட்ச்மேனும் வௌவாலுமாக. கல்யாணம், படைப்பு என்றால் இரண்டு நாள் விளக்கெரியும். அப்புறம் பூட்டு. செட்டிநாட்டுக் கிராமங்களை 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். சில வீடுகள் ஹோட்டலாகிப் பிழைத்துக்கொண்டன. பல வீடுகளைத் தூண் தூணாகப் பிரித்து விற்றுவிட்டார்கள். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் யார் வீட்டுக் கதவோ விலைச்சீட்டோடு சாத்தியிருப்பதைப் பார்த்தால் எனக்கு என்னமோ செய்யும். சென்னைவாசிகள் இப்படி ஒரு வீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் போகலாம். செட்டிநாட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி கட்டியிருக்கிறார்கள்.

பத்தொன்பது பங்கு

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். கொள்ளுத்தாத்தா கட்டிய வீட்டுக்கு இன்றைக்குப் பத்தொன்பது பங்கு. போன தை மாதம் படைப்புக்காகப் பங்காளிகள் எல்லாரும் கூடினோம். வளவுக் கூரை ஒழுகுகிறது. உத்திரம் இரண்டு இற்றுவிட்டது. கொத்தனார் சொன்ன தொகையைக் கேட்டு எல்லாரும் மேலே அண்ணாந்து பார்த்தார்கள், அங்கிருந்து பணம் கொட்டும் என்பது போல!

பங்குக்கு இவ்வளவு என்று போட்டுவிடலாம் என்றார் ஒருவர். வெளிநாட்டிலிருப்பவர்கள் ஃபோனில் “சரி, பார்க்கலாம்” என்றார்கள். கடைசியில் ஒரு யோசனை எழுந்தது. மூன்றாம் கட்டை இடித்து, அதன் மரத்தையும் ஓட்டையும் விற்றால் முன்கட்டைச் சரிபண்ணிவிடலாம். “அடுப்படிதானே? இப்பதான் எல்லாத்துக்கும் கேட்டரிங் வந்துடுச்சே!”

எனக்குச் சுரீர் என்றது. கணக்குப்பிள்ளை உட்கார்ந்த முகப்பு வேண்டும், ஆண்கள் சாய்ந்திருந்த திண்ணை வேண்டும், பெண்கள் ஒரு நூற்றாண்டு நின்று வெந்த இடம் மட்டும் வேண்டாமா? கேட்டேவிட்டேன். அண்ணன் முறையாகிற ஒருவர், “நீ சொல்றது சரிதாம்மா. ஆனா எதையாவது ஒன்றை இழந்தால்தானே மிச்சம் நிற்கும்? வேறே வழி இருந்தால் சொல்லு” என்றார். அவர் கெட்டவர் இல்லை. பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு வருஷா வருஷம் தன் கைப்பணம் போட்டு ஓடு மாற்றுகிறவர். எனக்குத்தான் பதில் தெரியவில்லை.

மாமியார் என்ன சொல்லப்போகிறாரோ என்று பயந்து திரும்பிப் பார்த்தேன்.

“இடிங்கப்பா” என்றார்.

அன்று ராத்திரி முற்றத்தில் படுத்திருந்தபோது, “அயித்தை, உங்களுக்கு வருத்தமே இல்லையா?” என்று கேட்டேன்.

“முப்பது வருஷம் அந்தப் புகையிலே ஊதினவ நான். நீ போட்டோ எடுத்தவ” என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். இரண்டு வருஷம் முன்பு அவருக்கு மூச்சிரைப்பு அதிகமாகி டாக்டரிடம் போனபோது, ஊதிக் காட்டச் சொல்லிப் பரிசோதித்துவிட்டு, “பாட்டி சுருட்டுப் பிடிப்பாங்களா?” என்று கேட்டார். சிகரெட்டுப் புகை மட்டுமல்ல, பல வருஷம் மூச்சில் இழுத்த விறகுப் புகையும் இப்படி நுரையீரலைப் பழுதாக்கும் என்று அவர் விளக்கியபோதுதான் எனக்கு உறைத்தது. (உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஓயாத இருமல், நடந்தால் இளைப்பு என்றிருந்தால் ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் சொல்லும்போது விறகடுப்புக் காலத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்.) மூன்றாம் கட்டில் ஒன்பது அடுப்புக்கு வேண்டிய காற்றும் வெளிச்சமும் கிடையாது. வீட்டைக் கட்டியவர் முகப்புக்குக் கொட்டிய பணத்தில் ஒரு பங்கை இங்கே கொட்டியிருந்தால் ஒரு புகைக்கூண்டு வந்திருக்கும். விலக்கான நாட்களில் ஒதுங்கும் மூலையும் அங்கேதான். அறுத்துக்கட்டாத விதவைகள் முடங்கிக் கிடந்ததும் அந்தப் பக்கந்தான். வளவின் அழகைப் பார்த்துச் சொக்கிப்போன நான், வீடு இதையும் சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தது என்பதைக் கவனிக்கவே இல்லை.

“ஆனா ஒண்ணு,” என்றார் மாமியார், இருட்டில். “என் மூத்தவன் பொறந்தப்ப நாப்பது நாள் என் அடுப்பு எரியலே. மத்த எட்டு அடுப்புந்தான் எனக்கு வடிச்சுப் போட்டுது. கணக்கே கேக்கலே. அது உங்க ஃப்ளாட்டுலே உண்டா?”

உண்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதிர் ஃப்ளாட்டில் போன மாதம் குழந்தை பிறந்ததை நான் லிஃப்டில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பங்குனியில் ஆட்கள் வந்து ஓட்டைப் பிரித்தார்கள். மாமியார் பிடிவாதமாகக் கூட வந்தார். கரி படிந்த சுவரைக் கையால் காட்டி, வலது கோடியிலிருந்து வரிசையாக, “இது பெரிய ஆச்சி அடுப்பு, இது ரங்கூன் ஆச்சி, இது என்னது...” என்று என் பெண்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்பதையும் சொல்லி முடித்த பிறகுதான் ஆட்களைக் கடப்பாரை எடுக்கவிட்டார். பின்வாசலைச் சுவர் வைத்து அடைத்துவிடலாம் என்று மேஸ்திரி சொன்னதற்கு மட்டும் ஒப்பவில்லை. “நாங்க பொம்பளைங்க தெருவைப் பார்த்ததே அந்த வாசல் வழியாத்தான். கதவு அப்படியே இருக்கட்டும்” என்றுவிட்டார். வெறும் காம்பவுண்டுச் சுவரில் இப்போது ஒரு தேக்குக் கதவு நிற்கிறது.

மரம் விற்ற பணத்தில் முன்கட்டு ஓடு மாற்றி, உத்திரம் மாற்றியது போக மிச்சத்தைப் பத்தொன்பதாகப் பிரித்தார்கள். மாமியாரின் பங்கு கைக்கு வந்ததும், “இதிலே கொஞ்சம் போட்டு நம்ம அடுப்படிக்கு அந்தப் புகை இழுக்கிற மெஷினை வாங்கி மாட்டு” என்றார். குறைந்ததை நான் போட்டு, போன வாரம் சிம்னி மாட்டியாகிவிட்டது. தாளிக்கும்போதெல்லாம் கூடத்திலிருந்து எழுந்து வந்து, அது ஓடுகிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்.