பின்னோக்கி நடந்த இருவர்

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு சிந்தனை)



சில ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பங்கில் ஒரு குடும்பத் தலைவர் மாரடைப்பால் இறந்தார். அவருடைய மகனுக்குக் குவைத்தில் வேலை. இரவுப் பணியில் இருக்கும் பிள்ளைக்குத் திடீரென்று சொல்லக் கூடாது. அவனோடு தங்கியிருக்கும் நண்பனை முதலில் அழைப்போம், அவன் பக்கத்தில் இருக்கும்போது தாய் பேசட்டும் என்று உறவினர்கள் முடிவு செய்தார்கள். அதற்குள், ஓடி வந்து உதவிய பங்கு இளைஞர் ஒருவர் உடலைப் படம் எடுத்து, ‘கண்ணீர் அஞ்சலி’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். இடைவேளையில் தேநீரோடு செல்போனைத் திறந்த மகன், தந்தையின் மரணத்தை அந்தப் படத்தில்தான் தெரிந்துகொண்டான்.

அடக்கத்துக்கு வந்தவன் என்னிடம் சொன்னான்: “அப்பாவுக்கு வாய்க்கட்டுகூடக் கட்டல ஃபாதர். அந்த முகந்தான் கண்ணுல நிக்குது. அம்மா சொல்லிக் கேட்டிருந்தா தாங்கியிருப்பேன்.”

படம் போட்டவர் கெட்டவர் அல்லர். பந்தல் போட, ஐஸ் பெட்டி கொண்டுவர முதலில் நின்றவர் அவரே. பாசமுள்ள மனிதரும் ஒரு நொடியில் இப்படிக் காயப்படுத்திவிட முடிகிறது. அதனால்தான் செல்போனில் படம் எடுப்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

தொடக்கநூல் 9-ஆம் அதிகாரத்தில் நோவா திராட்சை மது அருந்தி, தம் கூடாரத்தில் ஆடை விலகிக் கிடக்கிறார். மகன் காம் அதைப் பார்க்கிறான். பார்த்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அவன் தந்தையை மூடாமல், வெளியே போய்ச் சகோதரர்களிடம் சொல்கிறான். சேமும் எப்பேத்தும் ஒரு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடியே பின்னோக்கி நடந்து சென்று தந்தையை மூடுகிறார்கள்.

நம் ஒவ்வொருவர் கையிலும் இன்று செல்போன் இருக்கிறது. பிறருடைய பலவீனமான நேரம் நம் கண்ணில் படும்போது, காமைப் போல் வெளியே சொல்லவும் முடியும். அந்த இருவரைப் போல் மூடவும் முடியும். கண்ணில் பட்டுவிட்டது என்பதாலேயே அதைப் பரப்பும் உரிமை நமக்கு வந்துவிடுவதில்லை.

நம் ஆண்டவரும் இப்படித்தான் நடந்துகொண்டார். யாயிரின் மகளை எழுப்பும் முன் கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, பெற்றோரையும் மூன்று சீடர்களையும் மட்டும் உள்ளே அழைத்துச் சென்றார். எழுந்த சிறுமிக்கு உண்ணக் கொடுக்கச் சொன்னார். நடந்ததை யாருக்கும் தெரிவிக்க வேண்டாம் என்றார். காது கேளாதவரையும் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றே குணமாக்கினார். நோயாளியை அவர் காட்சிப் பொருளாக்கவில்லை.

இதைச் சொல்லும் நானும் தவறியவன்தான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது அரிசிப் பைகள் கொடுத்தோம். உதவியவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே என்று, வாங்கிய ஒரு பாட்டியைத் திரும்பவும் நிறுத்தி, “இப்படிப் பாருங்க” என்றேன். அவர் முந்தானையால் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு, “மூஞ்சி தெரியணுமா சாமி?” என்று கேட்டார். தருமம் செய்யும்போது தம்பட்டம் அடிக்க வேண்டாம் என்ற மலைப்பொழிவை எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறேன்! அன்று அந்தக் கேள்விதான் எனக்குப் பிரசங்கம். கணக்குக்கு அரிசிப் பைகளின் படமும் கையொப்பமும் போதுமே.

திருச்சபை இதைத் தெளிவாகவே கற்பிக்கிறது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு எண் 220, ஒருவருடைய நற்பெயரைக் கெடுப்பதையும், அவருடைய அந்தரங்கத்தைக் காக்கும் உரிமையை மீறுவதையும் தடை செய்கிறது. நாட்டின் சட்டமும் அப்படியே. 2017 ஆகஸ்டு 24 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஒரு பெண்ணின் அந்தரங்கத்தைப் படம் எடுப்பதும் பரப்புவதும் பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அப்படிப்பட்ட படத்தை எடுக்க அவர் சம்மதித்திருந்தாலும், பிறருக்கு அனுப்பச் சம்மதிக்கவில்லை என்றால், அனுப்புவது குற்றமே. இளைஞர்களே, இதை நன்றாக மனத்தில் வையுங்கள்.

சரி, நடைமுறையில் என்ன செய்வது?

துக்க வீட்டில், குடும்பத்தார் கேட்டுக்கொண்டால் அன்றி உடலையோ அழுபவர்களையோ படம் எடுக்க வேண்டாம். மரணச் செய்தியைக் குடும்பத்தார் அறிவிக்கும்வரை பொறுத்திருங்கள். அதன்பின் படம் போட வேண்டுமென்றால், அவர் உயிரோடு சிரித்திருந்த படத்தைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

மருத்துவமனைக்குப் போனால் செல்போன் பையிலேயே இருக்கட்டும். நோயாளியோடு செல்ஃபி வேண்டாம். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் அதில் விழுவார்.

சாலையில் விபத்தைக் கண்டால் முதலில் 108-ஐ அழையுங்கள். நல்மனத்தோடு உதவுபவருக்கு, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது; நல்ல சமாரியராக இருக்க அஞ்ச வேண்டாம். சான்றுக்காகப் படம் தேவைப்பட்டால் எடுங்கள். அதைக் காவல்துறையிடம் கொடுங்கள், குழுக்களில் போடாதீர்கள்.

பிள்ளைகளின் படத்தைப் போடும் முன் பெற்றோரைக் கேளுங்கள். பள்ளிச் சீருடையும் வீட்டு வாசலும் தெரியும் படம், அந்தப் பிள்ளை எங்கே இருப்பாள் என்பதை முன்பின் தெரியாதவருக்கும் காட்டிக்கொடுக்கும். பெற்றோரும், தம் பிள்ளை அழுவதையோ குளிப்பதையோ ஊருக்குக் காட்ட வேண்டாம். நாளை வளர்ந்து அவர்களே பார்ப்பார்கள்.

ஆலயத்தில், திருமுழுக்குக்கும் திருமணத்துக்கும் ஒருவர் படம் எடுத்தால் போதும். 2017 நவம்பர் 8 அன்று, புனித பேதுரு சதுக்கத்தில் வழங்கிய மறைக்கல்வி உரையில் திருத்தந்தை பிரான்சிஸ், திருப்பலியில் குரு நம் இதயங்களை மேலே எழுப்பத்தான் அழைக்கிறார், கைபேசிகளை அல்ல என்று வருத்தத்தோடு சொன்னார். ஆயர்களும் குருக்களும்கூட அப்படிச் செய்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். முதல் நற்கருணை வாங்கும் பிள்ளை, திரும்பிப் பார்க்கும்போது தாயின் முகத்தைத் தேடுகிறது. அங்கே செல்போனின் முதுகு தெரியக் கூடாது.

எங்கே ஆனாலும், எடுக்கும் முன் ஒரு முறை, பிறருக்கு அனுப்பும் முன் இன்னொரு முறை கேளுங்கள். “அழித்துவிடுங்கள்” என்று ஒருவர் சொன்னால், காரணம் கேட்காமல் அழித்துவிடுங்கள். நமக்கு வந்த படம் ஒருவரை அவமானப்படுத்துவதாக இருந்தால், அது நம் கையோடு நிற்கட்டும்.

குவைத்திலிருந்து வந்த அந்த மகனைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? முப்பதாம் நாள் திருப்பலி முடிந்ததும், படம் போட்ட இளைஞர் அவனிடம் வந்து மன்னிப்புக் கேட்டார். அவன் பேசவில்லை, கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு அந்தப் பங்கில் யாராவது இறந்தால், “வீட்டில் கேட்டாச்சா?” என்று குழுவில் முதலில் எழுதுபவர் அந்த இளைஞர்தான்.

ஆண்டவரே, பிறருடைய பலவீனம் எங்கள் கண்ணில் படும்போது, முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடுவதற்கான அன்பை எங்களுக்குத் தாரும். ஆமென்.